ஐந்து நீலம்

பிரேக் ஒயிலில் ஊறுகின்றன ஐந்து பெட்டிகள்,
ஐஸ்கிறீம் டப்பாவுக்குள்.
ஒயில் தந்தவன் ஓட்டோ திருத்துகிற நிஸ்தார்.
"என்னத்துக்கு, மீன் பொரிக்கவா?"
சிவப்பைக் கழற்ற, என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. அரைப் போத்தல் கூடவே ஊற்றினான்.

பகலில் நான் பல் செய்பவன்.
பம்பலப்பிட்டியில், மருந்துக் கடைக்கு மேல்,
யாரோ ஒருவரின் கடைவாய்க்குப்
பக்கத்துப் பல்லின் மஞ்சளைத் தேடுவது வேலை.
வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது என்பதை
இருபது வருடமாய்ச் சம்பளத்துக்குச் சொல்லி வருகிறேன்.
நீலம் இலகு என்று நினைத்திருந்தேன்.

ஐந்தும் சீமைப் பெட்டிகள். சீமைச் சிவப்பு.
தெஹிவளையில் வீட்டை விற்றுவிட்டு
மெல்பேணுக்குப் போன டெல்மா யான்ஸ்
கேக் அச்சுகளோடும் ஒரு கொசுவலையோடும் சேர்த்துத் தள்ளிவிட்டார்.
மூன்றாம் பெட்டியில், யன்னலோரம்,
அரிசியளவு மனிதன் ஒருவன்
பத்திரிகை விரித்தபடி ஒட்டப்பட்டிருந்தான்.
பல்லுத் தூரிகையால் தேய்க்கத் தேய்க்கச்
சிவப்பு தோலாய்ச் சுருண்டு வந்தது.
அவன் வரவில்லை.

பழைய சோனகத் தெருவில்
பன்னிரண்டு நீலம் வாங்கினேன், சின்னச் சின்ன டின்.
அட்டையில் பூசி இலக்கமிட்டேன்.
வெள்ளவத்தை ஸ்டேஷன், காலை ஆறு ஐம்பத்திரண்டு.
கோச்சி நின்றதும்
அதன் விலாவில் அட்டையை ஒட்டிப் பிடித்தேன்,
பல்லுக்குப் பிடிப்பதுபோல, தலையைச் சரித்து.

தோளில் ஒரு கை.
றெயில்வே பாதுகாப்பு. சட்டையில் பெயர்: தென்னகோன்.
அடையாள அட்டை கேட்டார்.
குகதீசன் என்பதை எழுத்தெழுத்தாய் வாசித்தார்,
ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருமுறை என்னைப் பார்த்து.
கோச்சியில் என்ன அளக்கிறாய்?
என் சிங்களத்தில் முதலில் வந்தது 'பல்'.
பிறகு 'நிறம்'.
பிறகு 'விளையாட்டுச் சாமான்'.
மூன்றும் உண்மைதான்.
வரிசையாய்ச் சொன்னபோது பொய்யாகிவிட்டன.

அவர் நிற அட்டையைத் திருப்பினார்.
பின்புறம் வெறும் அட்டை.
மறுபடி திருப்பினார்.
பிறகு, ஏன் என்று தெரியாது,
தானே அதைப் பெட்டியில் வைத்து
"ஏழு" என்றார்.
விசில். வண்டி அசைந்தது.
அடுத்த பெட்டி வந்தது. "இல்லை, ஒன்பது."
அதற்கடுத்தது வெயில் தின்றது, நான்கு.
கதவு மாற்றிய ஒன்று எதற்குள்ளும் அடங்கவில்லை.
கடைசிப் பெட்டிக்கு அவர் இரண்டடி ஓடினார்.

வண்டி போனபின் கடல் தெரிந்தது.
அதற்கு நாங்கள் அட்டை பிடிக்கவில்லை.
அடையாள அட்டையை உடனே தந்தார்.
நிற அட்டையைத் தரத்தான்
கொஞ்சம் யோசித்தார்.

இப்போது ஐந்துக்கும் ஐந்து நீலம்.
மேசையில் வரிசையாய் வைத்தால்
பிழையாய்ப் பூசியதுபோல் இருக்கிறது.
முதல் பெட்டியின் வார்னிஷ் உப்புக் காற்றில் வெளுத்துப் பனித்தது.
கழற்றித் திரும்பப் பூசலாம்.
நிஸ்தாரிடம் ஒயில் இருக்கிறது.
பூசவில்லை.

எழுத்து மிச்சம்.
மூன்று மொழியில் மூன்றாம் வகுப்பு,
ஒரு மில்லிமீட்டர் உயரம்.
கொட்டாஞ்சேனை அச்சகத்தில் எடுத்த ஒட்டுத்தாளில்
தமிழுக்குப் புள்ளி விழவில்லை.
மூனறாம வகுபபு.
யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் மதுராங்கி,
பூதக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு.
பிறகு அவளே,
"சீ, இதிலுமா" என்றாள்.

ஒரு பெட்டிக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு மூன்று புள்ளி.
முப்பது.
தூரிகையில் ஒற்றை மயிரை விட்டு மற்றதை நறுக்கினேன்.
மூச்சைப் பிடித்து ஒன்று. விட்டு, பிடித்து, இரண்டு.
ஒன்பது மணி தாண்டி, பத்தும் தாண்டி, இருபத்தொன்பது.

அப்போதுதான் பாணந்துறைக்குப் போகிற கடைசிக் கோச்சி
ஒழுங்கை முனையில் வீட்டைப் பிடித்து உலுக்கியது.
தேநீர்க் கோப்பை தட்டில் நடுங்கிற்று.
ஐந்து பெட்டிகளும் ஒரு நூலளவு நகர்ந்தன.

முப்பதாவது யன்னலில் விழுந்தது.
பத்திரிகைக்காரன்
நிமிர்ந்து பார்க்கவில்லை.